கூப்பிடும் விளக்கு வேறு, படம் பிடிக்கும் விளக்கு வேறு

மழை விட்ட மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே காட்சிதான். வீட்டுக்குள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வாசலில் ஒரே ஒரு பல்பை மட்டும் போடுவார்கள். அதற்கு நேர் கீழே அன்னக்கூடையில் தண்ணீர். ஈசல் படை படையாக வந்து பல்பைச் சுற்றும், இறக்கையை உதிர்க்கும், தண்ணீரில் விழும். விடிந்ததும் ஆயா அதை வாரி, வெயிலில் காயவைத்து, அரிசியோடு போட்டு வறுத்துத் தருவார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே வாசலில்தான் இப்போது நான் செல்போனை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஈசலுக்காக இல்லை, அந்துப்பூச்சிக்காக. பல்பைப் போடுகிறேன், பூச்சி வந்து சுவரில் உட்காருகிறது, உடனே பல்பை அணைத்துவிட்டு இருட்டில் டார்ச்சோடு படமெடுக்கிறேன். இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, "ஏன்டா, வெளக்க அணைச்சிட்டுத்தான் படம் புடிக்கறன்னா, அப்பறம் எதுக்குடா வெளக்கு போட்ட?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலில் அடங்கிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், வாசல் பல்பு பூச்சிக்கு, டார்ச் கேமராவுக்கு. இரண்டு வேலையையும் ஒரே பல்பிடம் கொடுத்தால் இரண்டும் கெடும். நான் கெடுத்திருக்கிறேன். முதல் ஒரு மாதம் பல்பு எரிய எரிய, அதன் பக்கத்தில் போனை நீட்டி எடுத்த படங்களில் வெள்ளையாக வெந்துபோன சுவர் இருந்தது, என் தலையின் நிழல் இருந்தது, இரண்டு பல்லி இருந்தது. பூச்சி மட்டும் ஒரு கறுப்புக் கறையாக இருந்தது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்து என்றால் நமக்கு ராகி மூட்டையைப் பிரித்ததும் பறக்கிற சின்னப் பூச்சி. விட்டில் என்றால் விளக்கில் வந்து விழுவது. இரண்டும் ஒரே பெருங்குடும்பம்தான். பட்டாம்பூச்சியும் அதே குடும்பம், அவ்வளவு ஏன், பட்டுப்பூச்சியும் அதே குடும்பம். உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட அந்துப்பூச்சி வகைகள் சுமார் 1,60,000. பட்டாம்பூச்சி அதில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இந்தியாவில் மட்டும் 10,000 வகைக்கு மேல் அந்துப்பூச்சி உண்டு. பகலில் கேமராவோடு பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். இங்கே ஓட வேண்டியதே இல்லை, திண்ணையில் உட்கார்ந்தால் போதும், அவையே வரும்.

ஏன் வருகின்றன?

விட்டில் விளக்கில் விழுவதை ஆசைக்கும் மோகத்துக்கும் உவமையாகச் சொல்லியே பழகிவிட்டோம். நிலவைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பூச்சி, பல்பை நிலவென்று நம்பி ஏமாறுகிறது என்பது ரொம்ப நாளாகச் சொல்லப்பட்டு வந்த இன்னொரு விளக்கம். 2024 ஜனவரியில் சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி உள்ளிட்டோரின் ஆய்வுக் குழு, பல்பைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் பிடித்து வேறொன்றைக் காட்டியது. பூச்சி விளக்கை நோக்கி நேராகப் போவதில்லை. விளக்கின் பக்கம் தன் முதுகைத் திருப்பிக்கொண்டு பறக்கிறது.

காரணம் எளிமையானது. எவ்வளவு இருட்டான இரவிலும் தரையைவிட வானம் கொஞ்சம் வெளிச்சமாகத்தான் இருக்கும். வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகை வைத்துக்கொண்டால் தலைகீழாகாமல் பறக்கலாம். கோடிக்கணக்கான வருடங்களாக இந்தக் கணக்கு பிசகவில்லை, நாம் பல்பு மாட்டும் வரை. பல்பு பக்கவாட்டில் இருந்தால் பூச்சி அதற்கு முதுகைக் காட்டச் சாய்கிறது. சாய்ந்தபடி பறந்தால் வட்டம்தான் வரும். பல்புக்கு மேலே போய்விட்டால் முதுகைக் கீழே திருப்பப் பார்த்துக் கவிழ்ந்து விழுகிறது. எங்கள் அன்னக்கூடையில் ஈசல் விழுந்த கதையிலும் இதற்குப் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இது வெறும் தகவல் இல்லை, விளக்கை எங்கே வைப்பது என்பதையே இது மாற்றுகிறது. புதியவர்கள் பலர் விளக்கைத் தரையில் வைத்து மேலே பார்க்கத் திருப்பிவிடுவார்கள், தூரத்திலிருந்தே பூச்சிக்குத் தெரியட்டும் என்று. அப்படி வைத்தால் வருகிற பூச்சி கவிழ்ந்து தரையில் அடித்துப் புரளும், இறக்கை கிழியும். கிழிந்த இறக்கையோடு எடுத்த படம் பார்க்கவும் நன்றாக இருக்காது, பூச்சிக்கும் நல்லதில்லை. விளக்கு தலை உயரத்தில் இருக்கட்டும். அதற்குப் பின்னால் நெட்டாக ஒரு சுவரோ துணியோ இருந்தால், சுற்றிக் களைத்த பூச்சி அதில் ஒட்டி உட்கார்ந்துவிடும். விளக்கின் வேலை அத்தோடு முடிந்தது.

எந்த விளக்கு என்று கேட்டால், நீலமும் புறஊதாவும் அதிகம் உள்ளதெல்லாம் நல்லது. இனிப்புக் கடைகளில் ஈ பிடிக்க மாட்டியிருப்பார்களே, அந்த நீலக்குழல் அதற்காகவே செய்தது. இப்போதைய எல்.இ.டி. பல்பில் புறஊதா ஏறக்குறைய இல்லை என்பதால் கூட்டம் குறைவாகத்தான் வரும், ஆனாலும் பால் வெள்ளை எல்.இ.டி. பல்பு மஞ்சள் பல்பைவிட மேல். பரணில் பழைய சுருள் சி.எஃப்.எல். பல்பு கிடந்தால் எடுத்து மாட்டுங்கள், அதற்கு இப்படியாவது ஒரு மறுவாழ்வு கிடைக்கட்டும். கள்ள நோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சும் உதவும், ஆனால் அதைக் கண்ணுக்கு நேரே பார்க்கக் கூடாது. இதையே திருப்பிப் போட்டால், பூச்சியே வேண்டாம் என்பவர்கள் வாசலில் மஞ்சள் பல்பு மாட்டிக்கொள்ளலாம். ஆயாவின் அடுப்படிக்கு நான் அதைத்தான் மாட்டிக் கொடுத்தேன், சோற்றில் பூச்சி விழுவதாக வந்த புகார் பெருமளவு நின்றது.

சுவர் சரியாக அமையாத வீட்டில் துணிக்கொடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு அடி தள்ளி விளக்கை மாட்டினால் போதும். சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புறஊதா பட்டால் நீலமாக ஒளிரும், அதனால் நன்றாகத் துவைத்த வேட்டி கூடுதல் பிரகாசம். வேட்டியின் கீழ்ப்பகுதி தரையில் ஒரு முழம் புரளட்டும். எருக்குழியில் வளரும் காண்டாமிருக வண்டு டமால் என்று வந்து மோதி மல்லாந்து விழும், அதற்கு ஒரு மெத்தை வேண்டும்.

நாள் பார்ப்பதென்றால் அமாவாசையை ஒட்டிய நாள்கள். பௌர்ணமியில் நிலா வெளிச்சத்தோடு நம் பல்பு போட்டிபோட முடியாது, வருகிற பூச்சி வெகுவாகக் குறையும். காற்று அடிக்காத, புழுக்கமான, மழை வருவதற்கு முந்தைய அல்லது வந்து ஓய்ந்த இரவுதான் பொன்னான இரவு. கோடை மழை தொடங்கும் மே மாதமும், அப்புறம் செப்டம்பர், அக்டோபரும் நம் மாவட்டங்களில் நல்ல பருவம். ஜனவரிக் குளிரில் ஓசூர், தளிப் பக்கம் விளக்கு போட்டு உட்கார்ந்தால் கொசுக்கடிதான் மிச்சமாகும்.

இனி டார்ச்

பூச்சி உட்கார்ந்துவிட்டது. இப்போது பல்பை அணையுங்கள். பெரும்பாலானவை அணைத்ததும் அப்படியே இருக்கும், சுற்றிக்கொண்டிருப்பவைதான் கலைந்து போகும். பல்லிக்கும் கொஞ்சம் வேகம் குறையும். பல்லியை நான் போட்டியாளராகத்தான் பார்க்கிறேன். நாம் கோணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழகான ஒரு பச்சை அந்துப்பூச்சியைக் கவ்விக்கொண்டு டியூப்லைட் பட்டைக்குப் பின்னால் போய்விடும். காலையில் தரையில் இரண்டு பச்சை இறக்கை கிடக்கும்.

படத்தின் தரத்தை முடிவு செய்வது போனின் விலை இல்லை, வெளிச்சம் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருகிறது என்பதுதான். நண்பகல் வெயிலில் முற்றத்தில் காயும் மிளகாயைப் பாருங்கள், பளிச்சென்று ஒரு பக்கமும் கன்னங்கரேல் என்று மறுபக்கமும் இருக்கும். மேகம் மூடியதும் அதே மிளகாயைப் பாருங்கள், சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும். சூரியன் ஒரு புள்ளி, மேகம் ஒரு கூரை. போனில் உள்ள ஃபிளாஷும் சூரியனைப் போல ஒரு புள்ளிதான். அதை மேகமாக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். டார்ச்சுக்கும் பூச்சிக்கும் நடுவில், பூச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் ஏ4 தாளையோ பட்டர் பேப்பரையோ பிடியுங்கள். 3 செ.மீ. பூச்சிக்கு ஏ4 தாள் என்பது ஆகாயம் மாதிரி. வெள்ளைத் தயிர் டப்பாவை டார்ச்சின் வாயில் கவிழ்த்துக் கட்டிக்கொள்வது இன்னும் சுலபம், நான் அப்படித்தான் செய்கிறேன். தாளோ டப்பாவோ பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு மென்மை. எட்டப் போகப் போக அது மறுபடியும் புள்ளியாகிவிடும்.

டார்ச்சைப் போனோடு சேர்த்துப் பிடிக்காதீர்கள். அதே திசையிலிருந்து வெளிச்சம் அடித்தால் பூச்சி சப்பையாக, சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தெரியும். பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வரட்டும். வீட்டில் ஒரு சின்னப் பையன் இருந்தால் அவனிடம் டார்ச்சைக் கொடுத்துவிடலாம், அவனுக்கும் தூக்கம் வராத இரவாக அமையும். இறக்கையின் மேல் வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் அதன் செதில்கள் தெரியும். கையில் ஒட்டுகிற அந்த மாவு உண்மையில் மாவு இல்லை. நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி வரிசை வரிசையாக அடுக்கிய நுண்ணிய செதில்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். பழுப்பு நிறப் பூச்சி என்று நாம் அலட்சியமாக ஒதுக்குவதைச் சாய்வு வெளிச்சத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் செம்பு, காவி, சாம்பல், இடையில் ஒரு வரி தங்கம்.

அடுத்த சிக்கல் வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு அடித்த சுவரில் இருக்கும் பூச்சியை எடுத்தால் சுவர் அழுக்குச் சாம்பலாகவும் பூச்சி இருட்டாகவும் வரும். கேமராவைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும், அதற்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். திரையில் பூச்சியைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுங்கள். கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 ஆக்குங்கள். கருங்கல் சுவரிலோ மாமரப் பட்டையிலோ உட்கார்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, கீழே இழுக்க வேண்டும்.

சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். போன் கெட்டுவிட்டதோ என்று நான் பயந்திருக்கிறேன். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதனால் சாதாரண பல்புகளில் பல நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் பட்டை போய்விடும். பேட்டரி டார்ச்சில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வருவதில்லை. பல்பை அணைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

கூர்மை ஒரு அப்பளம்

பக்கத்தில் போய் எடுக்கும்போது படத்தில் கூர்மையாக விழும் பகுதி ஒரு அப்பளம் மாதிரி, அகலம் உண்டு, தடிமன் கிடையாது. பெரிய கேமராவில் மேக்ரோ லென்ஸை மாட்டி, பூச்சியை அதன் உண்மை அளவிலேயே படம் பதியும் சென்சாரில் விழவைத்து எடுக்கும்போது, லென்ஸ் துவாரத்தை எஃப்/11 வரை சுருக்கினால்கூட அந்த அப்பளத்தின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. போனில் சென்சார் சின்னது என்பதால் இன்னும் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். எனவே அப்பளத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

அந்துப்பூச்சி இறக்கையை விரித்துச் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்தால், போனைச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். இறக்கை முழுதும் அப்பளத்துக்குள் வந்துவிடும். இது அடையாளம் காண்பதற்கான படம், இதை எப்போதும் முதலில் எடுத்துவிடுவேன். பிறகு பக்கவாட்டில் ஒன்று, கண்ணில் ஃபோகஸ் வைத்து. உணர்கொம்பும் கால்களும் இதில் தெரியும். வால் மங்கினால் மங்கட்டும், கண் மங்கினால் படம் செத்துவிடும். பருந்து அந்துப்பூச்சி என்கிற பெரிய வகைகளில், டார்ச் சரியான கோணத்தில் பட்டால் கண் தணல் போல ஆரஞ்சாக எரியும். பூனைக் கண்போல அவற்றின் கண்ணுக்கு அடியிலும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு அடுக்கு இருக்கிறது.

போனில் மேக்ரோ என்ற பொத்தானை அழுத்தி 3 செ.மீ. வரை நெருங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போனின் நிழலே பூச்சி மேல் விழும், அதுவும் பயந்து பறக்கும். ஒரு சாண் தள்ளி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். முழங்கையைச் சுவரில் ஊன்றி, மூச்சை விட்டு முடித்த அந்த இடைவெளியில் அழுத்துங்கள். இருட்டில் கிட்டே போவதற்கு டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளலாம். பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.

யார் யார் வருவார்கள்?

முதல் மழைக்குப் பிறகு கடலைக்காய்க் காட்டுப் பக்கம் விளக்கு போட்டால் வெள்ளை இறக்கையில் பழுப்புக் கோடுகளும், முன்னோரத்தில் ஒரு மஞ்சள் பட்டையுமாகக் கூட்டமாக வரும் அந்துப்பூச்சி, சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய். மானாவாரி நிலக்கடலையை மொட்டையடிக்கும் அதே புழுதான். மழை பெய்ததும் மண்ணுக்குள்ளிருந்து இது வெளியே வரும் நாள்களில் விளக்குப்பொறி வைத்தும் தீ மூட்டியும் விவசாயிகள் பிடிப்பார்கள். விவசாயிக்கு எதிரி, படமெடுப்பவருக்கு அழகி. யார் வீட்டு வாசலில் நின்று படமெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ரசனையை அடக்கி வாசிப்பது நல்லது.

மாந்தோப்பு, கொய்யாத்தோட்டம் பக்கத்தில் இருந்தால் பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சியைப் பார்க்கலாம். உட்கார்ந்தால் காய்ந்த இலை. தொட்டால் மேல் இறக்கையை விலக்கி அடியில் இருக்கும் ஆரஞ்சு இறக்கையைப் பளீரென்று காட்டும். பழத்தோலையே துளைக்கும் அளவுக்கு இதன் உறிஞ்சுகுழல் உறுதியானது. புழுப் பருவத்தில் தின்பதோ சீந்தில் கொடியை. வாசலில் அரளிச் செடி இருந்தால், பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து பளிங்கு போல வரும் பெரிய பருந்து அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கலாம், அதன் புழு வளர்வது அரளி இலையில். தும்பி போலவே தோன்றி, ஆனால் தட்டுத்தடுமாறிப் பறந்து வந்து, நீண்ட உணர்கொம்போடு உட்காருவது குழியானையின் வளர்ந்த வடிவம். மணலில் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருந்ததே, அதே ஆள்தான் இப்போது இறக்கை கட்டி வந்திருக்கிறார்.

விளக்கே வேண்டாத ஒன்றும் உண்டு. வீட்டுக்குள், சுவரின் மூலையில், வெள்ளரி விதை போலத் தட்டையாகச் சாம்பல் நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளப் பை ஒன்று ஒட்டியிருக்கும். துடைப்பத்தால் தட்டிவிடுவோம். இன்று தட்டாமல் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு முனையிலிருந்து கறுப்புத் தலை எட்டிப் பார்க்கும், முன்னங்கால்களால் சுவரைப் பற்றிப் பையை இழுத்துக்கொண்டு நகரும். தொட்டால் உள்ளே போய், மறுமுனை வழியாகத் தலையை நீட்டும், பைக்கு இரண்டு பக்கமும் வாசல். மணல், தூசி, சுண்ணாம்புத் துகள் எல்லாவற்றையும் தன் பட்டு நூலால் ஒட்டிக் கட்டிய அந்த வீட்டுக்குள் இருப்பது ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு. பழைய ஒட்டடையைத் தின்று வாழ்கிறது. மெதுவாக நகர்வதால் ஃபோகஸ் பழகுவதற்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது.

ஒன்று உண்டு, நம் மாவட்டக்காரர்களுக்கு மட்டும் கையெட்டும் தூரத்தில். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிற மல்பெரி விவசாயி யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். சந்திரிகையிலிருந்து, அதாவது புழு கூடு கட்டும் தட்டியிலிருந்து, கூடு பிரிக்கும் நாளில், விலை போகாத நசுங்கல் கூடு, இரட்டைக் கூடு என்று கொஞ்சம் ஒதுக்குவார்கள். அதில் நாலைந்தைக் கேட்டு வாங்கி, மூடி இல்லாத அட்டைப் பெட்டியில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு விடிகாலையில் கூட்டின் முனையை நனைத்து வழி செய்துகொண்டு பட்டுப்பூச்சி வெளியே வரும். பால் வெள்ளை, மொழுமொழுவென்ற உடம்பு, சீப்பு போன்ற உணர்கொம்பு. மனிதர் வளர்த்து வளர்த்து இதற்குப் பறக்கத் தெரியாமலே போய்விட்டது, வாயும் சாப்பிட உதவாது. சில நாள்கள்தான் ஆயுசு. ஆண் பூச்சி பெண்ணைச் சுற்றி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு நடக்கும். ஜன்னல் வெளிச்சத்தில், தாள் பிடித்து, வெள்ளைக்கு எக்ஸ்போஷர் கூட்டி, உணர்கொம்பில் ஃபோகஸ் வைத்து, மேலே சொன்ன அத்தனையையும் ஓடாத ஒரு மாடலை வைத்துப் பழகிவிடலாம். அந்தச் சீப்புக் கொம்பு அலங்காரம் இல்லை. பெண் பூச்சி காற்றில் விடும் வாசனையை ஆண் அதில்தான் பிடிக்கிறது. அந்த வாசனைப் பொருள் என்னவென்று 1959இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் கண்டுபிடித்து அறிவித்தபோது, ஒரு பூச்சியின் காதல் வாசனை வேதியியலுக்குப் பிடிபட்டது அதுவே முதல் முறை. அதற்குச் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன. அவ்வளவு சின்ன அளவில்தான் ஒவ்வொன்றும் அதைச் சுரக்கிறது.

சில எச்சரிக்கைகள்

வேட்டியில் எறும்பு போலச் சின்னதாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும் ஒல்லியான வண்டு ஊர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். கடிக்காது, கொட்டாது, ஆனால் அதன் உடம்பு நீர் தோலில் பட்டால் மறுநாள் தீப்புண் போலக் கொப்புளிக்கும். கழுத்தில் ஊர்ந்தால் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எனக்கு ஒருமுறை கண்ணுக்குக் கீழே பட்டு ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. கம்பளிப்புழுவைக் கையால் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், தவளைக்காகவும் எலிக்காகவும் கட்டுவிரியனும் உலவும் நேரம் அது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். ராகி முற்றும் காலத்தில் யானை எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது, இரவில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றமும்கூட.

விளக்கை விடிய விடிய எரியவிடாதீர்கள். ஏழு மணிக்குப் போட்டால் பத்தரைக்கு அணைத்துவிடுவது என் வழக்கம். முட்டையிடவும் இணை தேடவும் வந்த பூச்சிக்கு இருப்பதே சில இரவுகள்தான், அதை முழுக்க நம் சுவரிலேயே செலவழிக்கச் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

பெயர் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் முதல் படத்தோடு அளவுக்கு ஒரு 10 ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்து இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதன் குறுக்களவு 27 மி.மீ. தேதியும் ஊரும் குறித்துவையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பல நேரம் குடும்பமாவது தெரிந்துவிடும். இனம்வரை தெரியவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டாம், படத்தை வைத்து மட்டும் பிரித்தறிய முடியாத வகைகள் ஏராளம். ஜூலைக் கடைசியில் வரும் தேசிய அந்துப்பூச்சி வாரம் 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது, இப்போது இங்கும் பலர் அந்த வாரத்தில் வேட்டி கட்டி விளக்கு போடுகிறார்கள்.

இரவு விழிக்க முடியாதவர்கள் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து டார்ச்சோடு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். தூண், குளியலறைச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் ஓரம், கேட்டின் கீழ்க் கம்பி. கரிச்சான் குருவி வந்து பொறுக்க ஆரம்பிப்பதற்கு முன் அரைமணி நேரம் கிடைக்கும். குளிரில் பூச்சி விறைத்து உட்கார்ந்திருக்கும், கோணம் மாற்றி மாற்றி எடுக்கலாம். அது இறக்கையைச் சன்னமாக நடுக்கத் தொடங்கினால் பயந்துவிட்டது என்று நினைத்துப் பின்வாங்காதீர்கள். வண்டியை உதைத்து இன்ஜினைச் சூடேற்றுவது போல, பறக்கும் தசைகளைச் சூடாக்கிக்கொள்கிறது. பெரிய பூச்சி என்றால் ஒன்றிரண்டு நிமிடம் அப்படி நடுங்கும். அதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள்.